அதே சுண்டு எண்ணெய்

காலையில் பசியோடு சட்டியைத் திறந்த இராக்கம்மாவுக்குக் கிழங்கு கிடைக்கவில்லை. கொதிக்கிற தண்ணீருக்குள் பளபளவென்று ஒரு பிஸ்டன் கிடந்தது.

"அடியே விஜயா... என்னாடி இது?"

விஜயலெட்சுமி கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து இடுக்கியால் அந்தப் பிஸ்டனைத் தூக்கினாள். "தள்ளுங்க மாமி, சுட்டுரும். சூடா இருக்கும்போதுதான் இதுல இரும்புப் பின் ஏறும்."

"சோறு பொங்குற அடுப்புல எஞ்சின் வேகுது. இந்தக் கூத்த எங்கயாவது கேட்டிருக்கீங்களா சனங்களே..."

"இது பழைய சட்டி மாமி. கொழம்புச் சட்டி அந்தா இருக்கு. கிழங்கு அதுக்குள்ளதான் இருக்கு. பயப்படாதீங்க."

"நான் சட்டிக்கா பயப்படுறேன்? உனக்குப் பயப்படுறேன்டி. எம்புள்ளைய ஒருதரம் கொல்லப் பாத்தது போதாதா உனக்கு..."

இந்தப் பேச்சை விஜயலெட்சுமி ஒரு வருடமாகக் கேட்டு வருகிறாள். முதலில் அழுதாள். பிறகு பதில் சொன்னாள். இப்போது இரண்டும் இல்லை. பிஸ்டனைப் பலகையில் வைத்து, பின்னை எண்ணெயில் தோய்த்து, கட்டைவிரலால் அழுத்தி ஏற்றினாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சும்மாவா சொன்னார்கள். இவளோ உடைக்கவே இல்லை. அதுதான் கொடுமை.

அப்புத்தளைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் போய் விசாரித்தால், எண்ணெயில் கஞ்சத்தனம் பிடித்து எஞ்சினைக் கெடுத்த மருமகள் என்றுதான் இவளைச் சொல்வார்கள். கஞ்சம் என்பது உண்மை. எதற்குக் கஞ்சம் பிடித்தாள் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான இந்த லயத்துக் காம்பராவுக்கு அவள் மருமகளாக வந்தபோது புருஷனின் தம்பி ஜீவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. அவளுக்கென்று ஒரு பிள்ளை வாய்க்கவில்லை. அந்தப் பையனைத்தான் இடுப்பில் தூக்கினாள். மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்து, அவனைப் பதுளையில் விடுதியில் விட்டுப் படிக்க வைத்தாள். குழம்பைச் சொட்டு எண்ணெயில் தாளித்தால்தான் அவன் தட்டில் ஒரு முட்டை வைக்க முடியும். அப்படிப் பழகிய கை அது. அந்தக் கைதான் பின்னால் குற்றவாளிக் கூண்டில் ஏறியது.

அவள் புருஷன் முருகையா தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக். தொழிற்சாலையை மூடியதும் சும்மா இருக்க முடியாமல் ஒரு யோசனை பிடித்தான். மலைக்குக் கீழே வெல்லவாயப் பக்கத்துக் குளமொன்றில் வெளிநாட்டுக்காரர்களைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள், நாமும் செய்தால் என்ன என்றான். ஏதோ ஒரு ஹோட்டல்காரர் ஒதுக்கிப் போட்ட ஃபைபர் படகும், பின்னால் மாட்டுகிற எஞ்சினும் விலைக்கு வந்தன. விஜயலெட்சுமி வேலையை விட்டுத் தன் சேமலாப நிதியை எடுத்துக் கொடுத்தாள். லயத்துக்குப் பின்னால் போஞ்சிப் பாத்தியை அழித்துப் படகைக் கவிழ்த்துப் போட்டார்கள். அவன் எஞ்சினைப் பிரித்தான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். நீலப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி அதற்குள் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். பெற்றோலில் எண்ணெய் கலப்பது அவள் வேலை. அந்த மாதிரி எஞ்சினுக்கு எண்ணெயைப் பெற்றோலோடுதான் கலந்து ஊற்ற வேண்டும். பெரிய கேன் ஒன்றுக்கு ஒரு சுண்டு எண்ணெய். வீட்டில் அரிசி அளக்கிற அதே அளவுப் பால்டின்.

அண்ணனும் தம்பியும் முதல் ஓட்டத்துக்குக் குளத்தில் இறங்கினார்கள். நடுக்குளத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. காற்று எழுந்தது. பின்பக்கம் தாழ்ந்த படகு, அலை ஏறி நிரம்பியது. முருகையா படகைப் பிடித்துத் தொங்கினான். ஜீவன் முழுகிவிட்டான். மீன் பிடிக்கிறவர்கள் வந்து இழுத்துப் போட்டார்கள். நெஞ்சில் தண்ணீர் ஏறிப் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தான். கத்தாருக்குப் போக இருந்த வேலை கைவிட்டுப் போனது.

ஆஸ்பத்திரி வாசலில் இராக்கம்மா கேட்டாள், "எண்ணெ கலந்தது யாரு?"

எல்லோரும் விஜயலெட்சுமியைப் பார்த்தார்கள்.

"சமையலுக்கே சொட்டுச் சொட்டா ஊத்துறவ... எஞ்சினுக்கு அளந்தா ஊத்தியிருப்பா?"

முருகையா தரையைப் பார்த்தான். ஜீவன் அன்றிலிருந்து "அண்ணி" என்று கூப்பிடவே இல்லை. பக்கத்துக் காம்பராவில்தான் இருக்கிறான். இவள் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். மாமியார் ஆயிரம் சொல்லட்டும், தாங்கலாம். தூக்கி வளர்த்தவன் முகம் திருப்புவதை எந்த நெஞ்சு தாங்கும்?

அதனால்தான் அவள் எஞ்சினைக் கையில் எடுத்தாள். நான் ஊற்றிய அளவு சரி, எஞ்சின் ஏன் நின்றது என்று அதன் வாயாலேயே சொல்ல வைக்கிறேன் பார் என்று இறங்கினாள். ஒட்டிக் கிடந்த பிஸ்டனில் டீசலை ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டிக் கழற்றினாள். சிலிண்டரைப் பண்டாரவளை லேத்தில் கடைந்து, அதற்கேற்ற புதுப் பிஸ்டனும் வாங்கினாள். முருகையா உதவிக்கு வரவில்லை. அந்த விபத்துக்குப் பிறகு அவன் எஞ்சின் பக்கமே திரும்பவில்லை. பாவம், மனுஷன் பயந்துபோய்விட்டான் என்று அவளும் நினைத்தாள்.

பிஸ்டன் வெந்த அன்று காலையிலேயே ஜீவன் ஆள் கூட்டி வந்தான். பதுளையில் பழைய இரும்பு வாங்குகிற வியாபாரி, முன்ஸிப் என்று பேர்.

"அம்மா, இவரு படகப் பாக்கணுமாம்" என்றான் ஜீவன், அண்ணியைப் பார்க்காமல்.

விஜயலெட்சுமி கிரீஸ் கையோடு எழுந்து வந்து படகுக்கு முன்னால் நின்றாள். "போட் விக்கிறதுக்கில்ல நாநா. இம்புட்டுத் தூரம் வந்துட்டீங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

"வித்துத் தொலைக்கச் சொன்னது நான்" என்றாள் இராக்கம்மா. "இந்தச் சனியன் என் கண்ணு முன்னால கெடக்கக் கூடாது."

"வாங்குனது என் கொழுந்துக் காசு மாமி. ஒடைச்சாலும் நாந்தான் ஒடைப்பேன், ஓட்டுனாலும் நாந்தான் ஓட்டுவேன்."

"ஓட்டுவியா? நீ?"

"நாந்தான். தலைக்கு மேல வெள்ளம் போயிருச்சு. இனி சாண் என்ன, முழம் என்ன?"

ஜீவன் சுவரைப் பார்த்தபடி சொன்னான். "அம்மா, சொல்லுங்க அவங்ககிட்ட. இன்னொரு ஆளு சாகணுமான்னு கேளுங்க."

அவங்க. விஜயலெட்சுமிக்கு அந்தச் சொல்தான் குத்தியது. கண் கலங்கியது. ஆனாலும் இடத்தை விட்டு நகரவில்லை. முன்ஸிப் மூன்று பேரையும் பார்த்தார், தேநீரைக் குடித்தார், "குடும்பத்துக்குள்ள பேசி முடிச்சிட்டுச் சொல்லுங்க தம்பி" என்று எழுந்து போய்விட்டார்.

மிச்சமிருந்தது கார்புரேட்டர். அதற்கு வாஷர் வாங்க விஜயலெட்சுமி அதையே ஒரு பையில் போட்டுக்கொண்டு பதுளைக்குப் பஸ் ஏறினாள். பஜாரில் ஜெஸீமின் எஞ்சின் உதிரிப் பாகக் கடை. அவர் அதைப் பிரித்துக் குட்டியான ஒரு பித்தளைத் திருகாணியை வெளியே எடுத்தார். பெற்றோல் எவ்வளவு போக வேண்டும் என்று அளந்து விடுகிற ஜெட் அது. வெளிச்சத்தில் பிடித்து அதன் துளையைப் பார்த்தார்.

"இத யாரு போட்டது தாத்தா?" என்று, அக்காவை அழைக்கும் முறையில் கேட்டார். "எஞ்சினோட வந்தது இல்லையே. ரெண்டு சைஸ் சின்னது."

"ஏன், சின்னதா இருந்தா என்னா?"

"உங்க மலையில காத்து மெல்லிசு. பெரிய ஜெட்டுல ஓட்டினா பெற்றோல் கூடிப் பொகை அடிக்கும், திக்கித் திக்கி ஓடும். அங்க இந்தச் சின்னது போட்டா சரியா ஓடும். ஆனா கீழ கொளத்துக்குக் கொண்டு போகயில மாத்திரணும். அங்க காத்துக் கனம். பெற்றோல் பத்தாமப் பிஸ்டன் சுட்டு, ஒட்டிக்கிடும்."

விஜயலெட்சுமி அந்த ஜெட்டைக் கையில் வாங்கினாள். "எண்ணெ... எண்ணெ சரியா ஊத்தியிருந்தாலுமா?"

"ஒரு பீப்பா ஊத்துங்க. அப்பவும் ஒட்டும்."

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஜெஸீம் பயந்துபோய் ஸ்டூலை இழுத்துப் போட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்தப் பாவம் எந்த இடம் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நீலப் பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புகை அடிக்கிறது புகை அடிக்கிறது என்று புலம்பி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றி மாட்டியவன் ஒருத்தன்தான். மலையில் இருக்கிறவனுக்கு மட்டுமே வரக்கூடிய தவறு அது. பீப்பாய்த் தண்ணீரையே குளமென்று நம்பிவிட்டான்.

சரியான ஜெட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு ஜெஸீம் சொன்னார். "கொளத்துல நல்லா வேகமா ஓட்டிட்டுப் படக்குனு நிப்பாட்டுங்க. பிளக்க கழத்திப் பாருங்க. நுனி வெள்ளையா இருந்தா பெற்றோல் பத்தல. கறுப்பா இருந்தா கூடிருச்சு. பால்தேத்தண்ணி நெறத்துல இருந்தா கவலையே இல்ல."

சாயங்காலம் முருகையா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தான். விஜயலெட்சுமி இரண்டு ஜெட்டையும் அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஒன்று பழையது, ஒன்று புதியது.

அவன் சின்ன ஜெட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தான்.

"என்னைக்குங்க தெரிஞ்சது?"

"...ஆஸ்பத்திரியிலயே."

"அம்மா எண்ணெ கலந்தது யாருன்னு கேட்டாங்களே... அப்பவே தெரியுமா?"

அவன் தலையாட்டினான். விஜயலெட்சுமி படியில் உட்கார்ந்தாள்.

"விஜயா... தம்பி உள்ள மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்குறான். நாந்தான்னு எப்புடிச் சொல்லுவேன்? அம்மா உன்னைச் சொல்லிருச்சு. நான் வாய மூடிட்டேன். இன்னைக்குச் சொல்லுவோம் நாளைக்குச் சொல்லுவோம்னு... இப்பச் சொன்னா ஜீவன் என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டான்."

"என் மூஞ்சியில முழிக்கிறானா?"

அவன் மடித்த வெற்றிலையைக் கீழே வைத்தான்.

"இருபது வருசத்துக்கு மேல உங்களோட வாழ்ந்துட்டேன்" என்றாள் அவள். "தப்பு யாருக்கும் வரும். ஜெட்டு மாத்த மறந்தது தப்பு. அத நான் மன்னிச்சிருப்பேன், அன்னைக்கே. அவங்க என்னைக் கேக்கயில தரைய பாத்தீங்களே... அதுக்கு என்னா பேரு?"

"அம்மாகிட்டச் சொல்லிராத விஜயா..."

"நான் சொல்ல மாட்டேன். புருஷன காட்டிக்குடுத்துத்தான் நான் நல்லவளாகணும்னா எனக்கு அது வேணாம். ஆனா இந்தப் பழிய இனி சொமக்கவும் மாட்டேன். படகு தண்ணியில எறங்கும். நான் ஓட்டுவேன். போன வருசம் ஊத்துன அதே சுண்டுதான் ஊத்துவேன். நீங்க என்னா செய்யணும்னு உங்களுக்கே தெரியும்."

அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. படகோடுதான் பேசினாள் என்று சொல்லலாம். எஞ்சினுக்கு முன்னால், படகின் உட்புறத்தில் குறுக்கே ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினாள். பின்பக்கமாக அலை ஏறினாலும் சுவருக்குப் பின்னால் உண்டான தொட்டிக்குள்ளேயே விழுந்து, இரண்டு துளை வழியாக வெளியே ஓடிவிடும். பலகை வெட்டி, ஃபைபர் பாயை விரித்து, அதன் மேல் ரெசின் பசையைப் பூசினாள். அப்புத்தளைப் பனியில் அது காயவே இல்லை. தொட்டால் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. யோசித்து யோசித்து மணலை வறுத்தாள். சூட்டு மணலைச் சாக்கில் கட்டித் தடுப்பின் மேல் சாத்தி, மேலே தார்ப்பாயைப் போட்டு மூடினாள். மணல் ஆற ஆறத் திரும்ப வறுத்தாள்.

"மணலையும் வறுக்க ஆரம்பிச்சிட்டா. நாளைக்குக் கல்லைப் பொரிப்பா" என்று இராக்கம்மா லயம் முழுக்கக் கேட்கச் சொன்னாள். ஆனால் விஜயலெட்சுமி சாக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போனபோது சட்டி தீய்கிற வாசனை வந்ததும், கிழவி பொறுக்கமாட்டாமல் கரண்டியை எடுத்துக் கிளறினாள். திரும்பி வந்தவள் அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்துகொண்டாள். ரெசின் கல்லாக இறுகியது.

மரக்கறி லொறியில் படகை ஏற்றிய அன்று யாரையும் அவள் கூப்பிடவில்லை. இராக்கம்மா தானாகவே முன்னால் ஏறி உட்கார்ந்தாள். "முழுகிச் சாகப் போறா. பொணத்தத் தூக்கவாவது ஆளு வேணாமா" என்றாள். அம்மா போகிறாளே என்று ஜீவன் ஏறினான். முருகையா கடைசியாக, ஒரு மூலையில்.

கொஸ்லந்தை தாண்டி இறங்க இறங்க உஷ்ணம் ஏறியது. குளத்தங்கரையில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீரைப் பார்த்ததும் ஜீவனின் முகம் வெளிறிப்போனது. லொறியின் பக்கத்திலேயே நின்றுகொண்டான்.

விஜயலெட்சுமி கேனைத் திறந்தாள். சுண்டையும் எண்ணெய்ப் போத்தலையும் மாமியாரிடம் நீட்டினாள். "நீங்களே ஊத்துங்க மாமி. ஒரு சுண்டு. கோபுரமா வேணாம், தலை தட்டி."

"ரெண்டு ஊத்துறேன்."

"ஒண்ணுதான். போன வருசம் என் கையால ஊத்துன அதே ஒண்ணு."

"செத்துப் போவடி..."

"எண்ணெ கொறஞ்சுதானே நின்னுச்சுன்னு சொன்னீங்க. அதே அளவுல நிக்குதா ஓடுதான்னு பாத்துருவோம். ஊத்துங்க."

இராக்கம்மா ஊற்றினாள். கொஞ்சம் சேலையில் சிந்தியது. விஜயலெட்சுமி சிந்தியதற்கு ஈடாக அளந்து திரும்ப ஊற்ற வைத்தாள். பிறகு கேனைக் குலுக்கிக் கலந்து எஞ்சின் டாங்கியில் ஊற்றி, சேலையை இழுத்துச் செருகி, மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு படகில் ஏறி, கயிற்றை ஓங்கி இழுத்தாள். எஞ்சின் ஒரு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. கரையில் நின்றவர்களுக்கு அவள் சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. நடுக்குளம் வந்தது. அதே இடம். சத்தம் படக்கென்று நின்றது.

இராக்கம்மா நெஞ்சில் அறைந்துகொண்டாள். "ஐயோ... நின்னுருச்சு. என் மருமக போயிட்டா. எண்ணெய நான்ல ஊத்துனேன், பாவி நான்ல ஊத்துனேன்..."

"அண்ணி!"

ஜீவன்தான். தண்ணீரைக் கண்டாலே நடுங்குகிறவன் இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடிவிட்டான். "அண்ணி... படுத்துக்கங்க அண்ணி, படகப் புடிச்சுக்கங்க..." குரல் கிழிந்துபோய் வந்தது. தூரத்தில் அலைகள் படகின் பின்பக்கத்தில் மோதுவது தெரிந்தது.

அப்போதுதான் முருகையா மண்ணில் மண்டியிட்டான்.

"அவளுக்கு ஒண்ணும் ஆகாது. எஞ்சின் ஒட்டாது. ஒட்டவே ஒட்டாது... அம்மா, அன்னைக்கும் எண்ணெயால ஒட்டல. மலையில போட்ட ஜெட்ட நான் மாத்தாமக் கொண்டுவந்துட்டேன். தம்பிய முழுக வச்சது நாந்தான். அவ இல்ல. எனக்கு அன்னைக்கே தெரியும்... அன்னைக்கே தெரியும்மா."

இராக்கம்மா மகனைப் பார்த்தாள். அழுகை அப்படியே நின்றுவிட்டது. "ஒரு வருசமா நான் அவள வாய்க்கு வந்தபடி பேசுனேனே... பக்கத்துலதானே இருந்த நீ? பாத்துக்கிட்டேவா இருந்த?"

அவன் முகத்தை மூடிக்கொண்டான். அந்த நேரம் நடுக்குளத்தில் எஞ்சின் திரும்பவும் உறுமியது.

கரையில் நடந்த எதுவும் விஜயலெட்சுமிக்குத் தெரியாது. ஜெஸீம் சொன்னபடி எஞ்சினை நிறுத்திவிட்டுக் குனிந்து பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தாள் அவள். பின்னால் ஏறிய அலை தடுப்புக்குள் விழுந்து துளை வழியாக ஓடியதை ஒரு தரம் பார்த்தாள். பிளக்கின் நுனியைப் பார்த்தாள். நல்ல பால்தேநீர் நிறம். அதைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக இருந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மாட்டிவிட்டுத் திரும்பினாள்.

கரைக்கு வந்தபோது தண்ணீருக்குள் நின்று படகின் மூக்கைப் பிடித்தவனைக் கண்டு அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எதுக்குடா தண்ணியில எறங்குன? நெஞ்சுல சளி கட்டிக்கும்."

"அண்ணி..." என்றான் ஜீவன். பின்பக்கம் நகர்ந்து வந்து படகின் விளிம்பில் சாய்ந்து, தலையை அவள் மடியில் வைத்துச் சின்னப் பையனைப் போல விம்மினான். விஜயலெட்சுமி நிமிர்ந்து கரையைப் பார்த்தாள். மண்டியிட்ட புருஷனைப் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது. கிரீஸ் கையென்றும் பாராமல் ஜீவனின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"சொல்லிட்டாரா..." என்று மட்டும் கேட்டாள். அவன் மடியிலிருந்தபடியே தலையாட்டினான்.

இராக்கம்மா தண்ணீருக்குள் இறங்கி வந்தாள். மன்னித்துக்கொள் என்று சொல்கிற நாக்கு இல்லை அது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "கையக் குடுடி" என்றாள்.

"எங்க மாமி?"

"ஏறணும். எண்ணெ ஊத்துனது நான். எனக்கு ஒரு சுத்து இல்லையா?"

விஜயலெட்சுமி கை கொடுத்தாள். ஏறி உட்கார்ந்தவள் அந்தக் கையை விடவில்லை. அதைத் திருப்பிப் பார்த்து, தேய்ந்துபோன விரல்களைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜீவனும் ஏறினான். முருகையா தயங்கித் தயங்கித் தண்ணீர் ஓரத்துக்கு வந்தான்.

"நீ கரையிலயே நில்லு" என்றாள் இராக்கம்மா. "ஒரு வருசம் அவ தனியா நின்னா."

படகு குளத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. ஜீவன் முதலில் கண்ணை மூடிக்கொண்டான், பிறகு திறந்தான். கரையில் வெறும் கேனையும் சுண்டையும் கையில் வைத்துக்கொண்டு முருகையா நின்றான். அவனைக் கடந்து போகையில் விஜயலெட்சுமி வேகத்தைக் குறைக்கவில்லை. இன்னொரு சுற்றுப் போனாள். அந்தச் சுற்றின் முடிவில்தான் கரைக்குத் திருப்பினாள்.

"ஏறுங்க."

அவன் பின்பக்கம் எஞ்சினை நோக்கிக் காலை வைத்தான்.

"அங்க இல்ல. முன்னால போய் அம்மாவுக்குப் பக்கத்துல உக்காருங்க. இனி இந்த எஞ்சின நாந்தான் தொடுவேன். வீட்டுக்குப் போய் நானும் நீங்களும் பேச வேண்டியது இன்னும் இருக்கு."

அவன் முன்னால் போய் உட்கார்ந்தான். அவள் கயிற்றை இழுத்தாள்.